வாணலியில் காப்பிக் கொட்டை: வாடையும் சத்தமும் காட்டிக் கொடுக்கும் கோளாறுகள்

வீட்டில் காப்பிக் கொட்டை வறுக்கத் தொடங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன நிறம் வந்ததும் இறக்க வேண்டும்?" என்பதைத்தான். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. குழல்விளக்கின் கீழ் ஒரு நிறம், ஜன்னலோரத்தில் இன்னொரு நிறம். கழுவிப் பதப்படுத்திய பிளாண்டேஷன் கொட்டை ஒரு விதமாகப் பழுப்பேறும். பழத்தோடு உலர்த்திய செர்ரிக் கொட்டை திட்டுத் திட்டாகவே நிறம் மாறும். கண்ணை நம்பி இறக்கினால் பாதி ஈடு கெடும்.

மூக்கும் காதும் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. டம்ளரில் தெரிகிற குறை எதுவாக இருந்தாலும், பச்சைக் கொட்டையிலேயே இருந்த குறையைத் தவிர, வாணலியில் ஏதோ ஒரு கட்டத்தில் வாடையாகவோ சத்தமாகவோ அது தலைகாட்டியிருக்கும். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த ஈட்டில் சரிசெய்துவிடலாம். கீழே அறிகுறிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். போவதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரியாகப் போகிற ஈடு எப்படி இருக்கும்?

கணக்குக்காக 200 கிராம் பச்சைக் கொட்டை, அடி கனத்த இரும்பு வாணலி, நடுத்தரத் தீ, நீளக் காம்புள்ள மரக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியைச் சுற்றி வறுக்கும் இரும்பு உருளை வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். கொட்டை கண்ணில் படாது என்பதால் அவர்களுக்கு மூக்கும் காதும்தான் கதி.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை ஈரம் இருக்கும். முதல் நான்கைந்து நிமிடம் அந்த ஈரம் போவதற்கே சரியாகப் போய்விடும். அப்போது வருவது பச்சைப் புல்லின் வாடை, பிறகு ஈர வைக்கோலின் வாடை. காப்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. புதிதாக வறுப்பவர்கள் இங்கேதான் பயந்து தீயைக் கூட்டுவார்கள், கூட்டாதீர்கள். கொட்டையின் சூடு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தொடும்போது பச்சை மறைந்து மஞ்சள் பூக்கும். வைக்கோல் வாடை போய் அரிசி வறுபடும் வாசனை வரும். இந்த மாற்றம்தான் முதல் மைல்கல்.

அதற்குப் பிறகு கொட்டையில் உள்ள சர்க்கரையும் புரதக்கூறுகளும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பேறத் தொடங்கும். வாசனை ரொட்டியிலிருந்து வெல்லப்பாகுக்கு நகரும். வாணலிக்கு மேலே கையை வீசி மூக்கருகே காற்றைத் தள்ளிப் பாருங்கள்: இனிப்புக்கு நடுவே காடி போல ஒரு சுரீர் நாசியைத் தொடும். அது வந்துவிட்டால் முதல் வெடிப்பு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

முதல் வெடிப்பு 200 டிகிரியை ஒட்டி நிகழ்கிறது. கொட்டைக்குள் நீராவியும் வாயுவும் அழுத்தம் கூடி நடுக்கோட்டைப் பிளக்கின்றன. சத்தம் சோளம் பொரிவது போலத் தனித்தனியாக, உரக்கக் கேட்கும். கொட்டை பருத்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய வெள்ளித்தோல் கழன்று பறக்கும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் சத்தம் ஓயும். அதன் பின் ஓர் அமைதி. பிறகு 225 டிகிரியை ஒட்டி இரண்டாம் வெடிப்பு. இது கொட்டையின் நார்ச்சுவரே விரிசல் விடும் சத்தம் என்பதால் மெல்லியதாக, நெருக்கமாக, சடசடவென்று வரும்.

ஃபில்டர் காப்பிக்கு நான் இறக்குவது அந்த அமைதியின் பின்பாதியில். இரண்டாம் வெடிப்பின் முதல் நான்கைந்து சத்தங்கள் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இறக்கிய பின் எடை போட்டால் 200 கிராம் 168, 170 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன எடைத் தராசு நிறத்தைவிட நேர்மையான சாட்சி.

மேலே கறுப்பு, உள்ளே வெளிறல்

டிகாக்‌ஷனில் கசப்பும் புளிப்பும் ஒரே மடக்கில் வருகின்றனவா? ஒரு கொட்டையை எடுத்துத் தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் வையுங்கள். நடுக்கோட்டில் கத்தி முனையை ஊன்றி மெல்ல அழுத்துங்கள். சரியாக வறுபட்ட கொட்டை அந்த அழுத்தத்திலேயே 'டிக்'கென்று உடைந்துவிடும். உடைந்த முகம் விளிம்பிலிருந்து நடுவரை ஏறக்குறைய ஒரே பழுப்பாக இருக்கும். கோளாறான கொட்டையில் கத்தி இறங்கும், ஆனால் கொட்டை உடையாமல் தோல் போல வளைந்துகொடுக்கும். ஒருவழியாகப் பிளந்து பார்த்தால் ஓரத்தில் கரும்பழுப்பு வளையம், நடுவில் வெளிறிய காவி. உடனே முகர்ந்து பாருங்கள். மேல்தோலிலிருந்து கருகலும் நடுவிலிருந்து பச்சை நிலக்கடலை வாடையும் தனித்தனியாக வரும். தட்டைப் பக்கத்தில் மட்டும் மை தொட்டு வைத்தது போலக் கரும்புள்ளிகளும் இருக்கலாம். அது காய்ந்த இரும்பில் நேரடியாகப் பட்ட இடம்.

காரணம் ஒன்றுதான்: வாணலியை அளவுக்கு மீறிக் காயவைத்துவிட்டு அதில் கொட்டையைப் போட்டது. மேல்பக்கம் பழுப்பாகி முடிவதற்குள் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவே இல்லை.

வாணலியின் சூட்டைச் சோதிக்க நான்கு துளி தண்ணீர் போதும். துளி விழுந்ததும் 'ஸ்ஸ்' என்று சீறி ஆவியானால் கொட்டையைப் போடலாம். துளி முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் சூடு அதிகம். அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறமும் அரிசி வாசனையும் நாலாவது நிமிடத்துக்கு முன்பே வந்துவிட்டால் தீ இன்னமும் அதிகம் என்று கொள்ளுங்கள். மலை உயரத்தில் விளைந்த அராபிகா கொட்டை அடர்த்தியானது, கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். தாழ்வான தோட்டங்களில் விளைந்தது அந்த அளவுக்குத் தாங்காது.

கருகல் புள்ளி மட்டும்தான் தொல்லை என்றால் பீபரி வாங்கிப் பாருங்கள். பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டையாக விளைவதுதான் பீபரி. தட்டைப் பக்கமே இல்லாததால் வாணலியில் தானாக உருண்டு எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேறும். கடைகளில் பீபரிக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். சுவைக்காக அந்த விலை கொடுக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு; கையால் வறுப்பவருக்கு மிச்சமாகும் தலைவலிக்காகக் கொடுக்கலாம்.

ஒரே ஈட்டில் பல நிறம்

இதில் மூன்று வகை உண்டு. பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு.

வெளிறியதிலிருந்து கறுத்தது வரை எல்லா நிறமும் படிப்படியாக இருந்தால் கிளறல் போதவில்லை, அல்லது வாணலியில் கொட்டை அதிகம். கொட்டை இரண்டு அடுக்குக்கு மேல் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் வட்டமாகக் கிளறுவதால் பயனில்லை. அடியிலிருந்து அள்ளி மேலே புரட்ட வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், கரண்டி நிற்கக் கூடாது.

இரண்டே நிறம், கிட்டத்தட்ட பாதிப் பாதி என்றால் இரண்டு வகைக் கொட்டையைச் சேர்த்து வறுத்திருக்கிறீர்கள். அராபிகாவும் ரொபஸ்டாவும் அளவிலும் அடர்த்தியிலும் ஈரத்திலும் வேறுபட்டவை. வெடிக்கும் நேரமும் ஒத்துப்போகாது. கலவை வேண்டுமானால் தனித்தனியாக வறுத்து, ஆறிய பிறகு கலக்குங்கள். முதலிலேயே கலந்து தரும் கடைக்காரரிடம், பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

எல்லாம் ஒரே சீராக இருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் மணல் நிறத்தில் கொட்டைகள் நின்றால், அது உங்கள் குற்றம் இல்லை. பழுக்காத காயிலிருந்து எடுத்த கொட்டைகள் அவை. பழுப்பேறுவதற்குத் தேவையான சர்க்கரையே அவற்றுள் சேரவில்லை. எவ்வளவு நேரம் வறுத்தாலும் நிறம் வராது. ஒன்றை மென்று பாருங்கள்: காகிதமும் வேர்க்கடலைத் தோலும் கலந்த சுவை. முறத்தில் பரப்பி ஆறவிடும்போதே பொறுக்கி எறிந்துவிடுங்கள். இருபது கொட்டையை எறிவதில் ஒரு நட்டமும் இல்லை. அவற்றை விட்டுவைத்தால் முழு டிகாக்‌ஷனும் கடலைத்தோல் வாடை அடிக்கும்.

வெடிப்புச் சத்தமே கேட்கவில்லை

முதலில் புகைபோக்கி விசிறியை நிறுத்துங்கள். பக்கத்து அடுப்பில் குக்கர் இருந்தால் இறக்குங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம்.

அமைதியான சமையலறையிலும் கேட்கவில்லை என்றால் மணத்தைக் கேளுங்கள். அந்தக் காடிச் சுரீர் வரவே இல்லை, 13 நிமிடம் தாண்டியும் ரொட்டி வாசனையிலேயே நிற்கிறது என்றால் தீ போதவில்லை. கொட்டைக்குள் அழுத்தம் கூடவில்லை. கீழே 'மணமே இல்லாத காப்பி' என்ற பகுதியைப் பாருங்கள். சுரீரும் வந்தது, வெள்ளித்தோலும் பறக்கிறது, கொட்டையும் பருத்துவிட்டது, சத்தம் மட்டும் மெலிதாக இருக்கிறது என்றால் கொட்டையின் இயல்பே அப்படி. மலபார் மான்சூன் வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்குக் கரைக் கிடங்குகளில் பருவமழைக் காற்றில் வாரக்கணக்காகப் பரப்பி, ஈரம் குடிக்கவைத்து, ஊதவைத்து, மீண்டும் உலர்த்திய கொட்டை அது. பச்சையாக இருக்கும்போதே வைக்கோல் நிறம், புளிப்பு மிகக் குறைவு, வெடிப்பும் அடங்கிய சத்தம். நிறத்தை வைத்து வறுப்பவர்கள் இதில் முழுமையாக ஏமாறுவார்கள். தோல் பறப்பதையும் வெல்லப்பாகு வாசனையையும் வைத்தே போக வேண்டும்.

ஒரு கைப்பிடி அளவு மட்டும் போட்டு வறுத்தாலும் சத்தம் சிதறிப்போகும். 150 கிராமுக்குக் குறையாமல் போடுங்கள்.

முதல் வெடிப்பும் இரண்டாம் வெடிப்பும் கலந்துவிட்டன

'பொட் பொட்' ஓய்வதற்குள்ளேயே 'சடசட' தொடங்கிவிட்டால் நடுவில் இருக்க வேண்டிய அமைதி தொலைந்துவிட்டது என்று பொருள். இனிப்பு உருவாகும் நேரம் அதுதான். அதைத் தவறவிட்ட காப்பி ஒரு பக்கம் சுருக்கென்று, மறுபக்கம் கரியாக இருக்கும்.

வெடிப்பு நெருங்கும்போது இரும்பிலும் கொட்டையிலும் ஏற்கெனவே ஏகப்பட்ட சூடு சேர்ந்திருக்கும். வெடிக்கும் கட்டத்தில் கொட்டையே கொஞ்சம் சூட்டை வெளிவிடவும் செய்யும். ஆகவே வெடிப்பு தொடங்கிய பின் தீயைக் குறைப்பது தாமதம். காடிச் சுரீர் மூக்கில் பட்ட அந்த நொடியில் தீயை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முதல் வெடிப்பு முழுவேகத்தில் இருக்கும்போது வாணலியை அரை நிமிடம் தூக்கிப் பிடித்தும் கிளறலாம். கனமான வாணலி என்றால் அது மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி.

மணமே இல்லாத காப்பி

எல்லாவற்றிலும் மோசமான கோளாறு இதுதான் என்பேன், ஏனென்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நிறம் அழகு, கருகல் இல்லை, கொட்டையை உடைத்தாலும் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. டிகாக்‌ஷன் மட்டும் சப்பென்று இருக்கும். நாக்கில் ஒரு கனம் தெரியும், சுவை தெரியாது. மூக்குக்கு எட்டுவது ரொட்டித் துண்டைச் சுட்டு வைத்த வாடை.

இது வறுபடாமல் வெந்துபோன கொட்டை. கருகிவிடுமோ என்ற பயத்தில் தீயை மிகவும் அடக்கி 20, 25 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். அல்லது நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஈட்டில் நடுவே தீயை அணைத்து, சூடு இறங்கவிட்டு, மறுபடி ஏற்றியிருப்பீர்கள். கொட்டையின் சூடு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும் வேகம் குறையலாம். நிற்கவோ இறங்கவோ கூடாது. நின்றுவிட்டால், மணத்துக்குரிய வினைகள் பாதியில் தேங்கி, இருக்கும் மணமும் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும்.

வறுக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மஞ்சள் நிறத்துக்குப் பின் நிமிடத்துக்கு நிமிடம் வாசனை மாற வேண்டும்: அரிசி, ரொட்டி, வெல்லம், காடி என்று. இரண்டு நிமிடமாக ஒரே வாசனையில் நிற்கிறது என்று உணர்ந்தால் அப்போதே தீயைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்றாவது நிமிடம் வரை காத்திருந்தால் அந்த ஈடு போனதுதான்.

சமையலறை ஜன்னலில் காற்று அடித்தால் அடுப்பின் தீ ஆடும். மின்விசிறிக்குக் கீழே வறுத்தாலும் அதே கதை. மின்தூண்டல் அடுப்பில் சிலவகை, அடி சூடேறியதும் தானாகவே மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும். அந்த ஏற்ற இறக்கமே போதும் ஈட்டைக் கெடுக்க. எரிவாயு அடுப்பு இருக்கும் வீட்டில் அதற்குப் போகாதீர்கள்.

ஆறவைப்பதில் சோம்பலும் இதே விளைவைத் தரும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டுவைத்தால் இரும்பின் சூட்டில் கொட்டை தொடர்ந்து வேகும். இறக்கிய கையோடு மூங்கில் முறத்தில் கொட்டிப் புடையுங்கள். இதைவிடச் சிறந்த கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. ஒரே அசைவில் கொட்டை ஆறுகிறது, வெள்ளித்தோலும் பறந்துபோகிறது. மூன்று, நான்கு நிமிடத்தில் கையால் அள்ளும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ புடையுங்கள். அறைக்குள் புடைத்தால் மறுநாள் வரை அந்தத் தோலைச் சாம்பாரிலிருந்துகூடப் பொறுக்க வேண்டியிருக்கும்.

கைமெஷின் சுற்ற மறுக்கிறது, டிகாக்‌ஷன் புல் வாடை அடிக்கிறது

உள்ளும் புறமும் ஒரே வெளிர்பழுப்பாக இருந்து இப்படி ஆனால், முன்பே இறக்கிவிட்டீர்கள். போதிய அளவு வறுபடாத கொட்டை கெட்டியாகவே இருக்கும். மேஜை விளிம்பில் மாட்டிய கைமெஷின் பிடியைச் சுற்றும்போது தோளே சொல்லிவிடும். 200 கிராமுக்கு 176 கிராமுக்கு மேல் நின்றால் சந்தேகமே வேண்டாம். பொடி கரகரப்பாக விழும், டிகாக்‌ஷன் செம்மண் தண்ணீர் போல இறங்கும். புளிப்பு தூக்கலாக இருப்பதால், பால் கொஞ்சம் பழையதாக இருந்தால் திரிந்தும்போகும்.

அடுத்த ஈட்டில் முதல் வெடிப்பின் முதல் சத்தத்திலிருந்து கணக்கு வைத்து இரண்டரை நிமிடம் போங்கள். பால் சேர்க்காமல் குடிக்க விரும்புபவர்கள் ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்தப் புளிப்புதான் பழச்சுவை. பாலில் கலக்கும் காப்பிக்கு அது ஒத்துவராது.

புகை

எந்தப் புகை என்று பாருங்கள். முதல் வெடிப்பின்போது திடீரென்று, காகிதம் எரிந்த வாடையோடு, கொஞ்ச நேரம் மட்டும் வந்தால் அது கழன்ற வெள்ளித்தோல் வாணலியின் அடியில் எரிவது. கொட்டைக்கு ஆபத்தில்லை, அப்படியே தொடர்ந்தால் அந்தப் புகை கொட்டையில் படிந்து தொண்டையில் நெருடும். வாயால் ஊதியோ, விசிறிக் கட்டையால் விசிறியோ தோலைப் பறக்கவிடுங்கள். தோல் எரிந்து தீப்பொறி பறக்கக் கூடும் என்பதால் பருத்தித் துணியையும் காகிதத்தையும் அடுப்பருகில் வைக்காதீர்கள்.

நீலமாக, அடர்த்தியாக, கண்ணில் நீர் வரவழைக்கிற புகை என்றால் இரண்டாம் வெடிப்பு நடுவழியில் இருக்கிறது. கொட்டையின் மேல் எண்ணெய் துளிர்க்கத் தொடங்கியிருக்கும். இன்னும் 20 விநாடி போனாலும் மிஞ்சுவது கரிதான். உடனே இறக்குங்கள். சிலர் இந்த மினுமினுப்பைத்தான் நல்ல பதம் என்று நினைக்கிறார்கள். கசப்பைக் காரம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அது. கறுக்க வறுத்தால் 'ஸ்ட்ராங்' ஆகும் என்பதும் அதே வகை நம்பிக்கைதான். கஃபீன் வறுப்பதால் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. வீரியம் வேண்டுமானால் ரொபஸ்டாவைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன் இருக்கிறது.

மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை

இரண்டு மூன்று ஈடு தொடர்ந்து வறுத்தால் மூக்கு மரத்துப்போகும். மணத்தை நம்பி வறுப்பவருக்கு இது பெரிய ஆபத்து. ஈட்டுக்கு ஈடு வெளியே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே நுழையும்போது முதலில் மூக்கில் படுவதுதான் உண்மையான வாடை. ஜலதோஷம் இருக்கும் நாளில் வறுக்காதீர்கள்.

வறுத்த அன்று மணமும் இல்லை, டிகாக்‌ஷனும் இறங்கவில்லை

இது கோளாறே இல்லை, அவசரம். அப்போதுதான் வறுத்த கொட்டையை முகர்ந்தால் புகையும் ரொட்டியும்தான் தெரியும். டப்பாவில் வைத்து மறுநாள் காலை திறந்தால்தான் நாம் காப்பி மணம் என்று சொல்லும் மணம் வரும். வறுபடும்போது கொட்டைக்குள் உண்டான கரியமில வாயு பல நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வறுத்த சூட்டோடு அரைத்து ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அந்த வாயு பொடியை நுரைத்து மேலே தூக்கும். உள்ளே வைத்த குடைத்தட்டு சாய்ந்து, தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து இறங்கும். அல்லது இறங்காமலே நிற்கும். முதல் 12 மணி நேரம் டப்பா மூடியை லேசாகத் தளர்த்தி வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து குடியுங்கள். பொறுக்க முடியாதவர்கள், அரைத்த பொடியைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் விட்டுவிட்டு ஃபில்டரில் போடலாம். மணம் கொஞ்சம் போகும், டிகாக்‌ஷன் இறங்கும்.

ஒரு வாரத்தில் மணம் ஓடிப்போகிறது

வறுத்த காப்பியில் 800க்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று ஃபர்ஃபுரில் தயால் என்ற கந்தகச் சேர்மம். 1920களில் ஸ்டாடிங்கரும் ரைக்ஸ்டைனும் காப்பி மணத்தை ஆராய்ந்தபோது கண்டது. பின்னாளில் இருவரும் வெவ்வேறு ஆராய்ச்சிகளுக்காக நோபல் பரிசு பெற்றவர்கள். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதை அடையாளம் கண்டுகொள்ளும். காற்றுப் பட்டால் அதே வேகத்தில் அழிந்தும்போகும். அதனால் அரைத்த பொடி நாட்கணக்கில்தான் தாங்கும். கொட்டையாக வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் அன்றாடம் எடுத்து வைக்கும் டப்பாவை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் கோக்கும், பக்கத்திலிருக்கும் மல்லித்தழையின் வாடையும் சேரும்.

அந்நிய வாடைகள்

பூண்டு, பெருங்காயம், பழைய எண்ணெய் வாடை வந்தால் வாணலிதான் காரணம். தாளிக்கிற வாணலியில் வறுக்கக் கூடாது. இரும்பு தன்மேல் படிந்த எண்ணெயின் வாடையை விடாது, காப்பிக் கொட்டை எந்த வாடையையும் உறிஞ்சும். காப்பிக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கழுவவும் வேண்டாம், துணியால் துடைத்தால் போதும்.

பழைய சாக்கு வாடை, மரப்பெட்டி வாடை என்றால் பச்சைக் கொட்டை வயதானது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் சாக்கில் அப்படியே வைத்த கொட்டை ஈரம் ஏறிச் சீக்கிரம் கிழடாகும். கெட்டி மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை வாடை என்றால் வறுத்துச் சரிசெய்ய முயலவே வேண்டாம். பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுவதும் போகாது, தூக்கி எறியுங்கள்.

பச்சைக் கொட்டையில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள் இருந்தால் அது காய்த்துளைப்பான் வண்டின் வேலை. இந்தியாவில் இந்த வண்டு முதன்முதலில் 1990இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. இன்று தோட்டக்காரர்களின் பெரிய தலைவலி. ஒன்றிரண்டு துளைக்கொட்டை எல்லா மூட்டையிலும் இருக்கும், பொறுக்கிவிடலாம். ஒரு கைப்பிடியில் ஐந்தாறு தென்பட்டால் கடையை மாற்றுங்கள். துளைக்குள் சூடு புகுந்து உள்ளிருந்தே கருகும் என்பதால் அந்த ஈட்டில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கசப்பு வந்தே தீரும்.

கெட்டுப்போன ஈட்டை என்ன செய்யலாம்?

முன்பே இறக்கிய கொட்டையை மறுபடி வாணலியில் போட்டு மிச்சத்தை வறுத்துவிடலாம் என்று தோன்றும். சூடு ஆறிய பின் பலிக்காது, வெந்த கொட்டையாகிவிடும். அதை அடுத்து வறுக்கும் நல்ல கொட்டையோடு நான்குக்கு ஒன்று என்ற அளவில் கலந்து தீர்க்கலாம்.

சப்பென்றான ஈட்டுக்குச் சிக்கரி கைகொடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் கனமும் நிறமும் ஒரு கருவெல்ல இனிப்பும் வரும். மணம் திரும்பாது, குடிக்கலாம். சிக்கரி எல்லாக் குறையையும் மறைக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். புல் வாடை சிக்கரியைத் தாண்டிக்கொண்டு வரும், கருகலோ இன்னும் தூக்கலாகத் தெரியும்.

இரண்டாம் வெடிப்பில் கொஞ்சம் கூடுதலாகப் போனதை, பொடியைச் சற்றுக் கரடாக அரைத்து, பாலைத் தாராளமாக ஊற்றிக் குடித்துவிடலாம். எண்ணெய் வழிந்த கொட்டை கைமெஷினின் பல்லில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதை அரைத்த பிறகு ஒரு பிடி பச்சரிசியைப் போட்டுச் சுற்றி அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பத்து நாள் காப்பியிலும் அந்த எண்ணெய்ச் சிக்கு வாடை இருக்கும். முழுக்கக் கரியானதை அரைக்கவே வேண்டாம்.